பெல்ட் அறுந்தது, வால்வு வளைந்தது, அப்புறம்?

ஓடும் வண்டியில் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் கிடைக்கும். "எஞ்சின் போச்சு சார், நல்ல செகண்ட் ஹேண்ட் எஞ்சினா பாத்துப் போட்டுடலாம்" என்பது ஒன்று. "வால்வுதான் பெண்டு, மாத்திட்டா ஓடிடும்" என்பது இன்னொன்று. இரண்டையும் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகளைத் தாங்கும் மூடியை, கழற்றாமலே சொல்லிவிடுகிறார்கள். முதல் பதில் பல நேரம் வீண் செலவு. இரண்டாவதுதான் எனக்குப் பயம். வண்டி ஓடத்தான் செய்யும். சில ஆயிரம் கிலோமீட்டர் போன பிறகு, விட்டுப்போன ஒரு விரிசலோ, லேசாக வளைந்த ஒரு வால்வோ தன் கதையைச் சொல்லும்.

திருச்சிப் பக்கம் ஓர் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். வால்வு டைமிங் படத்தைக் கரும்பலகையில் வரைவது அன்றாட வேலை. ஆனால் அறுந்த பெல்ட் ஒரு எஞ்சினுக்குள் எதை எதைத் தொடும் என்பதை ஒவ்வொரு பாகமாகக் கையில் எடுத்து, அளந்து பார்க்கும் வாய்ப்பு சித்தப்பாவின் வண்டியால்தான் கிடைத்தது. அவருடையது ரெனால்ட்டின் கே9கே டீசல் எஞ்சின். 1,461 சிசி, 4 சிலிண்டர், 8 வால்வு. லோகன், டஸ்டர், நிசான் சன்னி, டெரானோ என்று நம் ஊரில் பல வண்டிகளில் வந்த எஞ்சின் இது. நடந்ததில் எஞ்சின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பிஸ்டன்களோடு இணைந்து சுழலும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், காற்றையும் புகையையும் விடும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட், அதுதான் டைமிங் பெல்ட். நெடுஞ்சாலையில் 2,500 ஆர்.பி.எம்.மில் போகும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 40 தடவைக்கு மேல் உச்சிக்கு வந்து திரும்புகிறது. டீசல் எஞ்சினில் காற்றை 15 முதல் 18 மடங்கு வரை அழுத்தியாக வேண்டும். இந்த எஞ்சினின் ஒரு சிலிண்டருக்கு 365 சிசி. அவ்வளவு காற்றும் இருபத்துச் சொச்சம் சிசி இடத்துக்குள் அடங்க வேண்டும். அந்த இடத்திலும் பெரும்பகுதி பிஸ்டன் தலையில் குடைந்திருக்கும் குழிதான். ஆக, உச்சியில் நிற்கும் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி மிஞ்சும். முழுதாகத் திறந்த வால்வோ ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் கீழே நீட்டிக்கொண்டிருக்கும்.

பெல்ட் போன கணத்தில் வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தில் கேம் ஷாஃப்ட் சட்டென்று நின்றுவிடும். நிற்கும்போது எந்த வால்வு திறந்திருந்ததோ அது திறந்தபடியே நிற்கும். வண்டி கியரில் ஓடிக்கொண்டிருப்பதால் கிராங்க் மட்டும் நிற்காது. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஃபியட்டின் பழைய 8 வால்வு ஃபயர் பெட்ரோல் எஞ்சின் போன்ற சிலவற்றில் வால்வும் பிஸ்டனும் எந்த நிலையிலும் சந்திக்காது. புது பெல்ட் போட்டால் வண்டி கிளம்பிவிடும். டீசலில் அப்படி எதிர்பார்க்கவே முடியாது.

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் ரப்பர் பெல்ட் என்று மாணவர்கள் வருடா வருடம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் 1004 காரில் இதைப் போடும் வரை கேம் ஷாஃப்ட்டை ஓட்டியது பெரும்பாலும் செயினோ கியரோதான். பெல்ட் எடை குறைவு, சத்தம் குறைவு, ஆயில் ஊற்ற வேண்டாம், விலையும் குறைவு. காலத்தில் மாற்றினால் பெல்ட்டைப் போல நல்ல ஏற்பாடு இல்லை என்பதுதான் என் எண்ணம்.

சரி, சித்தப்பாவின் வண்டிக்கு வருகிறேன். சென்னையிலிருந்து திருச்சிக்கு வந்துகொண்டிருந்தார். உளுந்தூர்ப்பேட்டை தாண்டியதும் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்திருக்கிறது. ஸ்டியரிங் கனமாகிவிட்டது. அடுத்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்திப் பார்ப்போம் என்று மெதுவாக ஓட்டி வந்திருக்கிறார். அதற்குள் முன்பக்கம் டப்பென்று ஒரு சத்தம், தொடர்ந்து கடகடவென்று ஓர் இரைச்சல், எஞ்சின் அணைந்துவிட்டது. பிரேக் பெடல் இறுகிப்போய் காலுக்குக் கல்லாக நின்றதாம். இந்த எஞ்சினில் பிரேக்குக்கு உதவும் வேக்யூம் பம்ப்பை ஓட்டுவது கேம் ஷாஃப்ட். கேம் நின்றால் அதுவும் நின்றுவிடும். பெல்ட் அறுந்தால் எஞ்சின் அணையும் என்று எல்லோருக்கும் தெரியும். பிரேக் இறுகும் என்பதை யாரும் சொல்வதில்லை. முதல் ஓரிரு மிதிக்குத்தான் சேர்த்துவைத்த வேக்யூம் இருக்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்தி ஓரம் கட்ட வேண்டும். சித்தப்பா அதைத்தான் செய்தார்.

போனில் என்னிடம் பேசியபோது முதலில் சொன்னேன்: "சித்தப்பா, இனிமேல் செல்ஃப் அடிக்காதீங்க. யார் சொன்னாலும் அடிக்காதீங்க." அதற்குள் உதவிக்கு நின்ற ஒருவர் ஓரிரு முறை அடித்துப் பார்த்துவிட்டார். "சும்மா விர்ருனு சுத்துதுடா, பிடிக்கவே மாட்டேங்குது" என்றார் சித்தப்பா. அந்த 'விர்ர்' போதும். நல்ல எஞ்சினில் செல்ஃப் அடிக்கும்போது கம்ப்ரஷன் ஏறி இறங்கும் தாளம் காதில் விழும். வால்வு மூடாத எஞ்சினில் எதிர்ப்பே இல்லாமல் ஒரே சீராகச் சுற்றும். ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் பிஸ்டன் அதே வால்வை மறுபடி போய் முட்டுகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ரெக்கவரி வண்டியில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுவந்து, என்னிடம் படித்து இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் தம்பியிடம் விட்டோம். சித்தப்பா கொதித்துக்கொண்டிருந்தார். வண்டியை அவர் பழையதாகத்தான் வாங்கினார். விற்றவர் கொடுத்த பில்களில் டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் மாற்றியதற்கான பில் இருந்தது. அதற்குப் பிறகு இருபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பொதுவாக ஒரு பெல்ட் எஞ்சினைப் பொறுத்து 60,000 கிலோமீட்டரிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் வரை தாங்க வேண்டும். "டூப்ளிகேட் பெல்ட்டைப் போட்டு ஏமாத்திட்டானுங்க, கேஸ் போடறேன்" என்று அந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கவரைக் கழற்றியதும் தம்பி எங்களை அருகே கூப்பிட்டுக் காட்டினான். அறுந்த டைமிங் பெல்ட்டின் பற்கள் எல்லாம் முழுசாக இருந்தன, முதுகில் வெடிப்பு இல்லை, ஆயில் நனைந்த தடயமும் இல்லை. ஆனால் கீழே கிராங்க் பற்சக்கரத்தைச் சுற்றிக் கறுப்பு நூல்கள் சிக்கலாகச் சுற்றியிருந்தன. டைமிங் பெல்ட்டின் நூல் அல்ல அது. வெளியே ஆல்டர்னேட்டரையும் ஏ.சி. கம்ப்ரஸரையும் பவர் ஸ்டியரிங் பம்ப்பையும் ஓட்டும் பெல்ட், நம்மூரில் இன்னும் ஃபேன் பெல்ட் என்றே சொல்கிறோமே, அதனுடைய நார். அந்தப் பெல்ட் ஓரம் பிய்ந்து, நாராகி, கிராங்க் புல்லிக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாக டைமிங் கவருக்குள் இழுபட்டுப் போயிருக்கிறது. நார் பற்சக்கரத்தில் சுற்றச் சுற்ற, நல்ல பெல்ட் தன் பாதையிலிருந்து தூக்கி எறியப்பட்டு அறுந்துவிட்டது. பேட்டரி விளக்கும் ஸ்டியரிங் கனமும் முதலில் வந்தது ஏன் என்பதற்கு விடை அதுதான்.

சித்தப்பாவின் கோபம் கொஞ்சம் இடம் மாறியது. டைமிங் பெல்ட் மாற்றியவர்கள் நல்ல பெல்ட்டைத்தான் போட்டிருக்கிறார்கள். அந்த வேலைக்கு வெளிப் பெல்ட்டை எப்படியும் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிய பழைய பெல்ட்டையே திரும்ப மாட்டிவிட்டார்கள். சில நூறு ரூபாய் சாமான் அது. அன்றைக்கு நான் எல்லோரிடமும் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்: காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஹெட் வேலையைத் தொடங்காதீர்கள். இறுகிப்போன வாட்டர் பம்ப் பேரிங், தளர்ந்த டென்ஷனர், கேம் சீலில் கசியும் ஆயில், வெளிப் பெல்ட்டின் நார் என்று எதுவாகவும் இருக்கலாம். அதை அப்படியே விட்டுவிட்டால் புது வால்வுகளும் அதே வழியில்தான் போகும்.

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்பே சேதத்தின் அளவை ஓரளவு தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழி. கிராங்க்கைக் கையால் மெதுவாகத் திருப்பி, நாலு பிஸ்டனும் சிலிண்டரின் நடுவில் வரும்படி, அதாவது உச்சியிலிருந்து 90 டிகிரி தள்ளி நிறுத்த வேண்டும். இப்போது கேம் ஷாஃப்ட்டைத் தனியாகச் சுற்றினாலும் எதுவும் எதையும் முட்டாது. அப்புறம் ஒவ்வொரு வால்வாக ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய அளவுத் தகட்டை விட்டு டேப்பெட் இடைவெளியை, அதாவது கேமுக்கும் வால்வை அழுத்தும் டேப்பெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, பார்க்க வேண்டும். வளைந்த வால்வு தன் இருக்கையில் முழுதாகப் போய் உட்காராது, கொஞ்சம் கீழேயே தொங்கும். அதனால் மேலே இடைவெளி கூடுதலாகக் காட்டும். இந்த எஞ்சினில் காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வுக்கு 0.20, புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.40 மி.மீ. சுற்றி இருக்க வேண்டும். முதல் சிலிண்டர் இன்லெட்டிலும் மூன்றாவது எக்ஸாஸ்ட்டிலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிக் காட்டியது. 1-3-4-2 என்ற ஃபயரிங் வரிசைக்கு அது அப்படியே பொருந்துகிறது: முதல் சிலிண்டர் காற்றை இழுக்கும்போது மூன்றாவது சிலிண்டர் புகையைத் தள்ளிக்கொண்டிருக்கும். நான்காவது எக்ஸாஸ்ட் மட்டும் 0.55 காட்டியது. அவசரத்தில் பார்ப்பவர்கள் "தேய்மானம்" என்று தாண்டிப் போய்விடக்கூடிய அளவு அது. முதல் அடியில் கேம் சற்றே முன்னால் தள்ளப்பட்டு அந்த வால்வும் லேசாக அடி வாங்கியிருக்கிறது.

ஹெட்டைக் கழற்றுவதில் சொல்ல அதிகமில்லை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், போல்ட்டுகளை வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும் என்பதால்தான் இவ்வளவு கவனம்.

ஹெட்டை எடுத்துக்கொண்டு போனது ஊரில் பல வருடமாக ரீபோரிங், ஹெட் வேலை செய்யும் ஒரு பாயின் பட்டறைக்கு. அவர் ஹெட்டைப் பார்த்ததும் செய்த முதல் வேலை கேள்வி கேட்டதுதான். "கன்ராடு பாத்தீங்களா வாத்தியாரே? ஹெட்டை எங்கிட்ட குடுத்துட்டு கீழ பாக்காம விட்டா என் வேலை வீண்." பார்த்திருந்தோம். டயல் கேஜை பிளாக்கின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது அதன் தலை எவ்வளவு மேலே நிற்கிறது என்று அளந்தால் போதும். கன்ராடு, அதாவது பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு, வளைந்திருந்தால் அந்த பிஸ்டன் மட்டும் குட்டையாக நிற்கும். நாலும் ஒன்றுக்கொன்று நூற்றில் சில பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் இருந்தன. மூன்றாவது பிஸ்டன் தலையில் வால்வின் ஓரம் பதிந்த பிறை வடிவத் தழும்பு இருந்தது. ஆழமில்லை. ஆனால் குழியின் விளிம்பில் விரிசல் இருந்தால் ஆழமில்லாத தழும்பும் ஆபத்துதான், டீசலில் வெப்பமும் அழுத்தமும் முதலில் தாக்குவது அந்த விளிம்பைத்தான். அதனால் துடைத்துச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் அடித்து, வெள்ளை டெவலப்பர் தெளித்துப் பார்த்தோம். விரிசல் இல்லை.

விரிசல் வேறிடத்தில் இருந்தது. இந்த எஞ்சினில் வால்வுகள் செங்குத்தாக நிற்கின்றன. கேமுக்கும் வால்வுக்கும் நடுவே கிண்ணம் போன்ற டேப்பெட் மட்டும்தான். கீழிருந்து அடி நேராக வந்தால் வால்வு வளைவதோடு அது நிற்காது, டேப்பெட்டையும் கேமையும் கேம் மூடிகளையும் போய்ச் சேரும். அதே சாயத்தை எட்டு டேப்பெட்டுகளுக்கும் அடித்தபோது மூன்றாவது எக்ஸாஸ்ட் டேப்பெட்டின் உள்பக்கம் மயிரிழையாக ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதை அப்படியே மாட்டியிருந்தால் ஒரு நாள் ஓடும்போது உடைந்து, இத்தனை வேலையையும் மறுபடி செய்ய வைத்திருக்கும்.

வால்வுகளை ஒவ்வொன்றாக வி-பிளாக்கில் வைத்து உருட்டினார் பாய். தண்டு 6 மி.மீ. தடிமன்தான். டயல் கேஜ் முள் மூன்று வால்வுகளுக்கு ஆடியது, மற்ற ஐந்துக்கு அசையவில்லை. எங்கள் ஃபீலர் கேஜ் சொன்ன அதே மூன்று. "லேசா பெண்டானதைத் தட்டி நிமிர்த்திடலாமே" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். பாய் பதிலே சொல்லவில்லை, அந்த வால்வைக் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டார். ஒரு தடவை வளைந்த இரும்பு அந்த இடத்தில் களைத்துப்போயிருக்கும். நிமிர்த்திய வால்வின் தலை என்றைக்காவது துண்டாகிச் சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டன், ஹெட், டர்போ என்று எதுவும் மிஞ்சாது. இதில் பேரம் கூடாது.

வால்வு வளைவது பெரும்பாலும் அதன் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடின் கீழ் வாயில். அதனால் வால்வை மட்டும் பார்த்தால் போதாது, கைடின் வாயையும் பார்க்க வேண்டும். மூன்றாவது எக்ஸாஸ்ட் கைடின் விளிம்பு சில்லு பெயர்ந்திருந்தது. பழையதைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புதியதை இறக்கி, ரீமர் விட்டார். அதற்கப்புறம்தான் சீட் கட்டிங், அதாவது வால்வு உட்காரும் இருக்கையை வெட்டிச் சரிசெய்வது. இந்த வரிசையை மாற்றவே கூடாது. சீட் வெட்டும் கட்டர் கைடை மையமாகப் பிடித்துத்தான் சுற்றுகிறது. கைடை மாற்றிவிட்டுச் சீட்டை அப்படியே விட்டால் இரண்டுக்கும் மையம் ஒன்றாக இருக்காது, வால்வு ஒரு பக்கம் மட்டும் உட்காரும். 45 டிகிரியில் முகத்தை வெட்டி, மேலும் கீழும் வேறு கோணங்களில் சீவி, தொடும் பட்டையின் அகலத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தார். லேப்பிங், அதாவது வால்வையும் சீட்டையும் ஒன்றோடொன்று தேய்ப்பது, கடைசியில், மெல்லிய பேஸ்ட்டில், கொஞ்ச நேரம்தான். லேப்பிங்கை அரை நாள் செய்தால் வேலை நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை பல பட்டறைகளில் இருக்கிறது. சீட் சரியாக வெட்டியிருந்தால் லேப்பிங் வெறும் சரிபார்ப்பு. சீட் கோணலாக இருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் அது நேராகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் பாயுடன் வாதாட வேண்டியிருந்தது. ஹெட் வந்தால் ஒரு ஃபேசிங் அடித்துக் கொடுப்பது அவர் வழக்கம். இந்த எஞ்சினில் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவ அனுமதி இல்லை, 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் ஹெட்டையே மாற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் வால்வும் பிஸ்டனும் இன்ஜெக்டர் நுனியும் வேலை செய்யும் இடத்தில் கொஞ்சம் சீவினாலும் கணக்கு மாறிவிடும். ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து, ஃபீலர் கேஜில் மெல்லிய தகட்டைச் செருகிப் பார்த்தோம். எங்கும் நுழையவில்லை. "சரி, தொடல" என்றார். வால்வு தலை ஹெட்டின் பரப்பிலிருந்து எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதையும் எட்டுக்கும் அளந்து எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை இன்றும் வகுப்பில் காட்டுகிறேன்.

புது வால்வு மூன்று, எட்டு வால்வு சீல், கேஸ்கெட், ஹெட் போல்ட், டேப்பெட், முழு பெல்ட் கிட், புது வெளிப் பெல்ட் எல்லாம் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து பார்சலில் வந்தன. ஹெட் போல்ட்டுகள் இழுபடும்படி முறுக்கப்படுபவை. முதலில் சிறு டார்க் (முறுக்கு விசை), அப்புறம் கோணம் பார்த்து முறுக்க வேண்டும். ஒரு முறை இழுபட்டதை மறுபடி பயன்படுத்தி மிச்சம் பிடிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சீட் வெட்டினால் வால்வு கொஞ்சம் உள்ளே ஏறி உட்காரும், தண்டு மேலே உயரும், டேப்பெட் இடைவெளி குறையும். இந்த எஞ்சினில் திருகி அட்ஜஸ்ட் செய்ய ஸ்குரூ கிடையாது. டேப்பெட்டே பல தடிமன்களில் வருகிறது, அளந்து சரியான தடிமனைப் போட வேண்டும். இடைவெளி குறைவாக விட்டால் சூட்டில் வால்வு நீளும்போது முழுதாக மூடாது, எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோகும். ஒரு மாலை முழுக்கத் தம்பியும் நானும் இதற்காகவே உட்கார்ந்தோம். இரண்டு டேப்பெட்டுகளை இடம் மாற்றிப் போட்டதில் இரண்டு வால்வு சரியாயின, மூன்றாவது எக்ஸாஸ்ட்டுக்குத் தேவையான தடிமனைச் சொல்லிப் புதிதாக வரவழைத்தோம்.

பெல்ட் மாட்டும்போது கிராங்க்குக்கு ஒரு பின், கேமுக்கு ஒரு பின் போட்டுப் பூட்டித்தான் மாட்ட வேண்டும். பெயின்ட் குறி போட்டு ஒப்பேற்றுவது இங்கே வேண்டாம். மாட்டியபின் பின்களை எடுத்துவிட்டு, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி பின் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். கைக்கு எங்காவது தடை தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். செல்ஃப் மோட்டாருக்குத் தடை தெரியாது.

வண்டி கிளம்பியது. முதலில் டீசல் குழாயில் இருந்த ஏர் போகும் வரை கொஞ்சம் இழுத்தது, அப்புறம் சீராகிவிட்டது. நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்தது. சித்தப்பா கேஸ் போடவில்லை. ஆனால் பில்லில் கையெழுத்திட்ட அந்தப் பட்டறைக்குப் போன் செய்து, வெளிப் பெல்ட்டை ஏன் மாற்றவில்லை என்று கேட்டார். "நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்றார்களாம். அவர் கேட்டது சரி என்றே நினைக்கிறேன்.

அடுத்த ஆயில் சர்வீஸின்போது வண்டியை மறுபடி தம்பியிடம் விட்டு, டேப்பெட் கவரைக் கழற்றி எட்டு இடைவெளிகளையும் திரும்ப அளந்தோம். புது சீட்டில் வால்வு பழகி உட்காரும்போது சிறிது மாறும் என்பதால் இது தேவையான வேலை. மூன்றாவது எக்ஸாஸ்ட்டில் மட்டும் 0.02 மி.மீ. குறைந்திருந்தது, அனுமதித்த எல்லைக்குள்தான். வெளிப் பெல்ட்டின் ஓரத்தை டார்ச் அடித்துப் பார்த்தோம், பிசிறு இல்லை. பாயின் தாளில் மூன்றாம் எண்ணுக்கு எதிரே தேதியையும் புது அளவையும் எழுதிக் கவரை மூடினோம்.